முதல் நாள் சீட்டு

மாமா மடியிலிருந்த பாலித்தீன் உறையைப் பிரித்து இரண்டு காகிதங்களைச் சாயாக் கடை மேசையில் வைத்தார். பலமுறை மடக்கி விரித்ததில் மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன.

"இது மொத நாளு சீட்டு. இது மூணாம் நாளு சீட்டு. நீ லேபுல இருந்தவன்லா, ரெண்டையும் பாத்துட்டுச் சொல்லு மக்கா."

பார்த்தேன். முதல் நாள் சீட்டில் கிரியாட்டினின் 1.0. பக்கத்தில் பேனாவால் ஒரு சரி அடையாளம். மூன்றாம் நாள் சீட்டில் 3.8.

சீட்டுக்கு உரியவன் மாமாவின் தங்கை மகன். 28 வயது. மார்ச் மாதக் கடைசியில், வெயில் கொளுத்திய நாட்களில், விசைப்படகில் நாலு நாள் தங்கலுக்குப் போனவன். கடலில் வைத்தே வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. கூடவே காய்ச்சலும் உடம்புவலியும். படகில் கிடந்த வலி மாத்திரையைக் காலையும் இரவும் போட்டுக்கொண்டு வலை இழுத்திருக்கிறான். கரைக்கு வந்ததும் ஒரு மருத்துவமனையில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, ரத்தம் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் முகம் வீங்கி மூச்சு வாங்கியது. வேறு இடத்துக்குக் கொண்டு ஓடினார்கள். நாலு தடவை டயாலிசிஸ் செய்த பிறகு சிறுநீர் திரும்பியது. பிழைத்துக்கொண்டான்.

"ஒண்ணு, மொத நாளு மெஷினு பொய் சொல்லிருக்கணும். இல்லன்னா அவங்க ஏத்துன மருந்துல கிட்னி போயிருக்கணும். ரெண்டுல எது?"

இரண்டுமில்லை என்று சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் அதை ஒரு வாக்கியத்தில் சொன்னால் அவர் நம்பமாட்டார், நம்பவும் வேண்டாம். ஆனி மாதம், தடைக்காலம், படகுகள் கரையில் நின்றன. அவருக்கும் எனக்கும் நேரம் இருந்தது. இரண்டு கட்டஞ்சாயா சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

நம்முடைய வள்ளியாற்றை நினைத்துக்கொள்ளுங்கள் மாமா என்றேன். வேளிமலையில் பிறந்து நம் ஊர்ப் பக்கம்தான் கடலில் விழுகிறது. அந்த ஆறு பொழிமுகத்தில் ஓடாமல் போவதற்கு மூன்று வழி உண்டு. மேலே மழை இல்லாவிட்டால் ஓடாது. நடுவில் கரை இடிந்து ஆறே தூர்ந்துபோனாலும் ஓடாது. கடைசியில், பொழியை மணல் மூடிக்கொண்டாலும் ஓடாது. தண்ணீர் பின்னால் தேங்கி ஊருக்குள் ஏறும். திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்று டாக்டர்கள் சொல்வதும் இந்த மூன்றில் ஒன்று. சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைவது, சிறுநீரகமே காயப்படுவது, கீழே கல்லோ வீங்கிய சுரப்பியோ வழியை அடைப்பது. உங்கள் மருமகனுக்கு முதல் வழியில் தொடங்கி இரண்டாவதில் போய் முடிந்திருக்கிறது. வயிற்றுப்போக்கில் உடம்புத் தண்ணீர் வற்றியது. தண்ணீர் வற்றும்போது சிறுநீரகம் தன் உள்வாசல் ரத்தக்குழாயைத் திறந்து வைத்துக்கொள்ளச் சில வேதிப்பொருட்களைச் சுரக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உடம்புவலியைக் குறைப்பதே அந்த வேதிப்பொருட்களைத் தடுத்துத்தான். ஆக மழையும் இல்லை, மதகும் மூடிவிட்டது.

"மாத்திரைய யாரு குடுத்தான்னு இப்போ கேட்டா ஒருத்தனும் வாய தொறக்கமாட்டான்" என்றார் மாமா.

யார் கொடுத்தால் என்ன. எல்லாப் படகிலும் அந்த மாத்திரை இருக்கிறது.

இனி கிரியாட்டினினுக்கு வருவோம். சிறுநீரகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடித்து, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தையெல்லாம் திரும்ப உடம்புக்கே கொடுக்கிறது. இந்த வேலையைச் செய்ய ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொரு வடிகட்டிக்கும் பின்னால் ஒரு நுண்குழல். திரும்பக் கொடுக்கும் வேலை அந்தக் குழலின் சுவரிலுள்ள செல்களுக்கு. ஓயாத உழைப்பு, பிராணவாயு ஏராளமாக வேண்டும். ஆனால் அவற்றில் ஒரு பகுதி இருப்பதோ, நல்ல நாளிலேயே பிராணவாயு குறைவாகக் கிடைக்கும் இடத்தில். ரத்தம் குறைந்தால் முதலில் அடிபடுவது அந்தச் செல்கள்தான்.

கிரியாட்டினின் அந்தச் செல்களிலிருந்து வருவதில்லை. அது நம் தசைகளிலிருந்து தினமும் வந்துகொண்டிருக்கும் கழிவு. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றுகிறது. வடிப்பது நின்றால் ரத்தத்தில் அது சேரும். 1886-ல் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர், பிக்ரிக் அமிலத்தோடு காரம் சேர்த்தால் கிரியாட்டினின் ஆரஞ்சுச் சிவப்பாக நிறம் மாறுவதைக் கண்டுபிடித்தார். திருத்தியமைத்த அதே முறை இன்றும் பல ஆய்வகங்களில் ஓடுகிறது. நான் வேலையில் இருந்த காலம் முழுக்க அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறேன். மலிவு, விரைவு, நம்பகம். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது சொல்லும் சேதி தாமதமான சேதி.

மாமாவுக்கு விளங்கும்படி ஐஸ் பெட்டியைச் சொன்னேன். நடுக்கடலில் பெட்டிக்குள் ஐஸ் தீர்ந்துபோனது என்று வையுங்கள். அடுத்த நிமிடமே மூடியைத் திறந்து மோந்து பார்த்தால் நாற்றம் வருமா? வராது. குளிர் கொஞ்ச நேரம் நிற்கும். மீன் இறுகியே இருக்கும். நாற்றம் வரும்போது எதுவும் செய்யமுடியாத நிலை வந்திருக்கும். கிரியாட்டினின் அந்த நாற்றம். முதல் நாள் மோந்து பார்த்தார்கள், நாற்றமில்லை. அது பொய்யில்லை.

கணக்காகவும் சொன்னேன். இரண்டு சிறுநீரகமும் ஒரே நேரத்தில் அடியோடு நின்றுபோனால்கூட கிரியாட்டினின் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 வரைதான் கூடும். காலையில் நின்ற சிறுநீரகம் மத்தியானச் சீட்டில் தெரியாது. போதாததற்கு, இருக்கும் திறனில் பாதி போனாலும் அளவு இயல்பு எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். தம்பிக்கு ஒரு கிட்னியைத் தானம் கொடுத்த அண்ணனின் ரத்தச் சீட்டைப் பார்த்தால் பலருக்கு இயல்பாகவே இருக்கும். தசை மெலிந்த கிழவிக்கு 1.0 என்பது அதிகமாக இருக்கலாம். வலை இழுத்து இறுகிய உடம்புக்கு அதே 1.0 சாதாரணம். ஒரே எண் ஆளுக்கு ஆள் வேறு பொருள் தருகிறது.

மருத்துவ உலகம் இதை அறியாமலில்லை. கேடிகோ என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பின் நெறிமுறை 2012-ல் வந்தது. அது, கிரியாட்டினின் 48 மணி நேரத்துக்குள் 0.3 கூடினாலோ, 7 நாட்களுக்குள் பழைய அளவைப்போல ஒன்றரை மடங்கு ஆனாலோ, சிறுநீர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் 6 மணி நேரம் நின்றாலோ அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்று வரையறுத்தது. 'கூடினால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு சீட்டு எதையும் கூட்டிக் காட்டாது. குறைந்தது இரண்டு சீட்டு வேண்டும்.

"அப்போ மீனு நாறுமுன்ன ஐஸு தீந்தத சொல்ல ஒண்ணுமே இல்லியா?"

அதைத்தான் உலகம் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தேடுகிறது. பயோமார்க்கர் என்கிறார்கள். உடம்புக்குள் நடப்பதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு பொருள். கிரியாட்டினினும் ஒரு பயோமார்க்கர்தான்; அது வேலை நின்றதைச் சொல்கிறது. தேடுவது காயத்தைச் சொல்லும் பொருளை. காயம்பட்ட குழல் செல்கள் சும்மா சாவதில்லை. தங்களைக் காக்கவும் பழுது பார்க்கவும் புதிதாகச் சில புரதங்களைச் செய்கின்றன. அவை சிறுநீரில் கசிகின்றன. ஐஸ் உருகி அடித்துளையில் சொட்டும் தண்ணீர் மாதிரி.

அப்படி ஒரு புரதத்தைக் கண்டுபிடித்த விதம் எனக்குப் பிடிக்கும். எலியின் சிறுநீரக ரத்தக்குழாயைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடித்து விடுவிப்பார்கள். பிறகு அந்தச் சிறுநீரகத்தில் எந்த மரபணு எல்லாவற்றையும் விடப் பெரிதாகக் கூச்சலிடுகிறது என்று ஆயிரக்கணக்கான மரபணுக்களை அலசுவார்கள். அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையின் பிரசாத் தேவராஜனும் அவருடைய சகாக்களும் இப்படித் தேடியபோது முன்னணியில் வந்து நின்றது என்கால் என்ற புரதம். அது புதிய ஆள் இல்லை. 1993-லேயே ரத்த வெள்ளணுக்களில் கண்டிருந்தார்கள். கிருமிகள் வளர இரும்புச்சத்து வேண்டும். அதைப் பிடித்துவர அவை சில மூலக்கூறுகளை அனுப்பும். என்கால் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமியைப் பட்டினி போடும். அந்தக் காவல்காரப் புரதம் சிறுநீரகம் காயப்படும்போதும் பெருகுகிறது.

2005-ல் லான்செட் இதழில் அவர்கள் முடிவை வெளியிட்டார்கள். இதய அறுவைச் சிகிச்சைக்கு வந்த 71 குழந்தைகள். 20 பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. கிரியாட்டினின் அதைச் சொல்ல 1 முதல் 3 நாள் எடுத்துக்கொண்டது. சிறுநீரில் என்கால் 2 மணி நேரத்தில் உயர்ந்து நின்றது. அந்த வாரம் சிறுநீரக மருத்துவர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். மாரடைப்புக்கு டிரோபோனின் இருப்பதுபோல நமக்கும் ஒன்று கிடைத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த அளவு துல்லியம் பிறகு கிடைக்கவில்லை. காரணங்கள் எளியவை. குழந்தைகளுக்குச் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, பழைய சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லை. பெரியவர்களுக்கு உண்டு. என்கால் வெள்ளணுக்களிலும் இருப்பதால் உடம்பில் எங்கேயாவது கடுமையான தொற்று இருந்தாலும், சிறுநீர்த்தாரையில் கிருமி இருந்தாலும் அது கூடும். எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் குழந்தைகளுக்குக் காயம் எந்த மணிக்கு ஏற்பட்டது என்று தெரியும். அறுவைச் சிகிச்சை தொடங்கிய நேரம் குறிப்பேட்டில் இருக்கிறது. 2 மணி நேரம் கழித்து எடு, 4 மணி நேரம் கழித்து எடு என்று சொல்லலாம். உங்கள் மருமகனுக்குக் காயம் எந்த மணிக்குத் தொடங்கியது? நடுக்கடலில், யாருக்குத் தெரியும்?

வேறு புரதங்களும் வந்தன. பாஸ்டனில் ஜோசப் பான்வென்ட்ரேயின் குழு 1998-ல் கண்ட கிம்-1, காயத்தில் தப்பிய குழல் செல்கள் செய்யும் புரதம். அதைக் கொண்டு அவை பக்கத்தில் செத்துக்கிடக்கும் செல்களை விழுங்கித் துப்புரவு செய்கின்றன. இன்னொரு பெரிய ஆய்வு 340 புரதங்களை வரிசையில் நிறுத்தி வடிகட்டி, 2013-ல் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தது. டிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி-7. அடிபட்ட செல் பழுது தீரும்வரை இரண்டாகப் பிரியும் வேலையை நிறுத்திவைக்கிறது. காற்று சரியில்லை என்று வள்ளத்தைக் கரையேற்றிப் போடுவதுபோல. அந்த நிறுத்தத்துக்கான குரல் இந்த இரண்டு புரதங்கள். அவற்றைச் சேர்த்து அளக்கும் சோதனைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014-ல் அனுமதி கொடுத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒருவருக்கு அடுத்த 12 மணி நேரத்தில் ஆபத்து உண்டா என்று அது சொல்லும். என்கால் சோதனைக்கு அங்கே அனுமதி 2023 டிசம்பரில்தான் வந்தது, அதுவும் 3 மாதக் குழந்தை முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும். 2005-லிருந்து 2023 வரை எண்ணிப் பாருங்கள். ஒரு நல்ல கண்டுபிடிப்பு நோயாளியின் கட்டிலுக்கு நடந்துவர எடுத்துக்கொண்ட காலம் அது.

மாமா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இதெல்லாம் அமெரிக்காக்காரனுக்கு. நம்ம மாதிரி வெயிலிலயும் தண்ணியிலயும் கெடக்கவனுக்கு யாரு பாத்தா?" என்றார்.

நியாயமான கேள்வி. நமக்கு வரும் பாதிப்பு அறுவைச் சிகிச்சை மேசையில் வருவதைவிட வெளியில் வருவது அதிகம். வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், பாம்புக்கடி, விஷம், வெயில். நம் மாநிலத்தில் 2017 முதல் 2020 வரை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் குழுவும் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பார்த்தார்கள். பெரும்பாலோர் உடம்பு தாங்கும் எல்லையைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் குடித்தால் சிறுநீர் கழிக்க இடம் தேட வேண்டும் என்பதால் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் எல்லா வெளிவேலையிலும் உண்டு. அதை நம் ஊரிலும் பார்க்கலாம்.

பாம்புக்கடிக்குப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இல்லை, பக்கத்தில். கண்ணாடி விரியன் கடித்தால் சிறுநீரகம் போவது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பழைய துயரம். பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாஹிம் முகமதுவும் நிக்கலஸ் பக்லி உள்ளிட்ட வேறு ஆராய்ச்சியாளர்களும், கண்ணாடி விரியன் விஷம் ஏறிய 65 பேரின் ரத்தத்தையும் சிறுநீரையும் கடிபட்ட நேரத்திலிருந்து மணிக்கணக்காக எடுத்துச் சோதித்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. பாம்புக்கடிக்கு ஒரு வசதி உண்டு. கடித்த நேரம் ஆளுக்குத் தெரியும். கடிகாரம் அங்கேயே ஓடத் தொடங்கிவிடுகிறது.

65 பேரில் 49 பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. 24 பேருக்கு லேசாக, 13 பேருக்கு நடுத்தரமாக, 12 பேருக்குக் கடுமையாக. பல புரதங்களை அளந்தார்கள். கடித்து 4 மணி நேரத்துக்குள் எந்தப் புரதமும் நல்ல பதில் சொல்லவில்லை. 4 முதல் 8 மணி நேரத்துக்குள் மூன்று மட்டும், ரத்தத்தில் சிஸ்டாட்டின்-சியும் சிறுநீரில் கிளஸ்டெரினும் என்காலும், நடுத்தரமாகவோ கடுமையாகவோ பாதிக்கப்படப்போகிறவர்களைக் கிரியாட்டினினைவிட நன்றாகக் காட்டின. 8 மணி நேரம் தாண்டியதும் பழைய கிரியாட்டினினை மிஞ்ச ஒன்றுமில்லை.

இந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். புதிய சோதனை வெல்லும் நேரம் அந்த நாலு மணி நேரம்தான் என்று அது ஒளிக்காமல் சொல்கிறது. தோட்டத்தில் கடிபட்டு, கட்டுக்கட்டி, வைத்தியரிடம் போய், வண்டி பிடித்து வந்து சேரும்போது அந்த ஜன்னல் மூடியிருக்கும். சோதனையை மேம்படுத்துவதைவிட ஆளைச் சீக்கிரம் கொண்டுவருவது சில இடங்களில் பெரிய மருத்துவம்.

இந்த இடத்தில் மாமாவுக்கு ஒரு பழைய சோதனையைச் சொன்னேன். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் இறங்கியிருக்கிறது. விஷமுறிவு மருந்து உடனே வேண்டும். இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு நர்சும் ஒரு கடிகாரமும் போதும். எத்தனையோ உயிரைக் காத்த சோதனை அது. சிறுநீரகத்துக்கும் இப்படி ஒன்று, சின்ன ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் எளிமையோடு வர வேண்டும் என்பதே என் ஆசை. இன்றைக்கு என்கால் போன்ற சோதனைகள் கிரியாட்டினினைப்போல நூறு இருநூறு ரூபாயில் முடிவதில்லை. நம் பக்கத்துச் சிறிய மருத்துவமனைகளில் அவை வழக்கத்திலும் இல்லை.

மலிவான வழிகள் சில கைவசம் இருக்கின்றன, பேசப்படுவதில்லை. ஃபுரோசமைடு என்ற பழைய, விலை குறைந்த ஊசி. நோயாளிக்கு நீர்ச்சத்து போதிய அளவு இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, எடைக்கேற்ப அதைப் போட்டு, 2 மணி நேரத்தில் எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று அளப்பார்கள். 200 மில்லிக்குக் குறைந்தால் பாதிப்பு முற்றக்கூடும். 77 பேரை வைத்து 2013-ல் வெளியான இந்த அளவுகோல் பல இடங்களில் கைகொடுத்திருக்கிறது. மருத்துவர் பக்கத்தில் நின்று செய்ய வேண்டியது இது, வீட்டில் செய்யக்கூடாதது.

இன்னொன்று எனக்கு நெருக்கமானது. சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்குவதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. குழல் செல்கள் செத்து உதிர்ந்தால், அந்தக் குழலின் அச்சிலேயே வார்த்ததுபோலச் சேற்றுப் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன உருளைகள் தெரியும். முதல் தடவை பார்த்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மழைக்காலத்தில் நம் பொழியில் வரும் கலங்கல் தண்ணீரின் நிறம். நான் சொன்ன புரதச் சோதனைகளுக்கெல்லாம் முந்தைய சோதனை அது. ஒரு லென்சும் பழகிய கண்ணும் போதும். இப்போது பட்டையை நனைத்து, நிறத்தைப் பார்த்து, எழுதி அனுப்பிவிடுகிறோம். சிறுநீர் எடுத்து அதிக நேரம் ஆகிவிட்டால் அந்த உருளைகள் கரைந்தும் போகும். பார்க்கும் பழக்கம் ஆய்வகங்களில் குறைந்துபோனது எனக்கு மெய்யாகவே வருத்தம்.

"செரி, முன்கூட்டியே தெரிஞ்சிட்டுன்னு வச்சுக்க. தெரிஞ்சு என்ன பண்ணுவாவ? அதுக்கு மருந்து உண்டா?"

இல்லை. காயம்பட்ட குழல் செல்லை நேராகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் செய்ய வேண்டியவை உண்டு. வலி மாத்திரையை நிறுத்துவது. சிறுநீரகத்துக்கு ஆகாத மற்ற மருந்துகளை மாற்றுவது. ரத்த அழுத்தத்தையும் நீர்ச்சத்தையும் சரியான அளவில் நிறுத்துவது. சிறுநீரை அளப்பது, மறுபடி மறுபடி ரத்தம் பார்ப்பது. ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகர மருத்துவர்கள் 2017-ல் இதை நிரூபித்தார்கள். இதய அறுவைக்குப் பின் அந்த இரட்டைப் புரதம் கூடியிருந்த 276 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்தக் கவனிப்பை எல்லாம் கண்டிப்பாகச் செய்தார்கள். மற்ற பாதிக்கு வழக்கமான கவனிப்பு. வழக்கமான பக்கம் சுமார் 72 சதவீதத்தினருக்குப் பாதிப்பு வந்தது. கண்டிப்பான பக்கம் 55. இதற்கென்று தனி மருந்து இல்லாமலே இவ்வளவு வித்தியாசம்.

மாமா கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒக்கியில என்ன நடந்துது? சேதி வந்தப்ப நம்ம ஆளுவ உள்ள கெடந்தானுவ. சேதி வந்து என்னத்துக்கு? அது அவனுக்குப் போய்ச் சேரல்லியே."

ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் கடைசியை இந்தக் கரையில் யாரும் ஒப்புமைக்காக இழுக்கமாட்டார்கள். அந்த ஞாபகம் அவ்வளவு கனம். மாமாவே சொன்னதால் எழுதுகிறேன். எச்சரிக்கை என்பது புறப்பட்ட இடத்தில் முடிவதில்லை. சேர வேண்டியவரிடம், செய்ய நேரம் இருக்கும்போது சேர வேண்டும்.

நான் அப்போதுதான் கேட்டேன்: "மாமா, படகுல கூட இருந்தவன் யாராவது எதாவது சொன்னானா? அவனுக்கு மூத்திரம் போச்சா?"

மாமா உடனே பதில் சொல்லவில்லை. "கூடப் போனவன் சொன்னான். ரெண்டு நாளா பய ஒரு தடவதான் போனானாம். கட்டஞ்சாயா கணக்கா இருந்துதாம்."

என் முன்னால் கிளாஸில் பாதி சாயா இருந்தது. கேடிகோ வரையறையில் நான் அவசரமாகக் கடந்துபோன சிறுநீர்க் கணக்கை அதைக் காட்டித்தான் சொன்னேன். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லி. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி, 6 மணி நேரத்துக்கு 180. ஏறக்குறைய ஒன்றரைச் சாயா கிளாஸ். அதற்குக் குறைந்தால், கிரியாட்டினின் இயல்பாக இருந்தாலும், பாதிப்பு தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அந்தக் குறி நடுக்கடலிலேயே வந்திருக்கிறது. கூட்டாளிக்குத் தெரிந்திருக்கிறது. கரைக்கு வந்த பிறகு அவனிடம் யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை.

அந்த மருத்துவமனை செய்த தவறு முதல் நாள் சீட்டில் இல்லை. சீட்டு சரி. சிறுநீர் போகிறதா, என்ன மாத்திரை போட்டாய் என்று நோயாளியிடம் இரண்டு கேள்வி கேட்காததும், நாளைக்கு மறுபடி வா என்று சொல்லாததும்தான் தவறு. இதை மாமாவிடம் மறைக்காமல் சொன்னேன். மெஷினைத் திட்ட வேண்டாம், ஏன் கேட்கவில்லை என்று அவர்களிடம் போய்க் கேளுங்கள் என்றேன்.

2013-ல் சர்வதேச சிறுநீரகவியல் சங்கம் ஓர் இலக்கு வைத்தது: 2025-க்குள், தடுக்கக்கூடிய திடீர் சிறுநீரகப் பாதிப்பால் உலகில் எங்கும் ஒருவரும் சாகக்கூடாது. அந்த ஆண்டு வந்து போய்விட்டது. புதிய புரதங்கள் நம் ஊருக்கு வரட்டும், அவற்றுக்காக அரசிடம் கேட்போம். வரும்வரை இதைப் படிக்கும் நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். கடலுக்கோ உப்பளத்துக்கோ வயலுக்கோ போகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், வாந்தி பேதியோ காய்ச்சலோ உள்ள நாளில் வலி மாத்திரையைத் தொடவிடாதீர்கள். சிறுநீர் குறைந்தால் அதை டாக்டரிடம் நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். முதல் ரத்தச் சீட்டு சரியாக இருந்தாலும், 48 மணி நேரத்துக்குள் இரண்டாவது எப்போது எடுக்கலாம் என்று கேளுங்கள். முதல் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவு.

திடீர்ப் பாதிப்பிலிருந்து மீண்டவருக்கு மூன்றாம் மாதம் ரத்தமும் சிறுநீரும் மறுபடி பார்க்க வேண்டும். சிலருக்குக் காயம் முழுதாக ஆறாமல் நாள்பட்ட நோயாகத் தங்கிவிடும். மாமாவின் மருமகனுக்கு மூன்று மாதம் நிறைவது ஜூன் 29, பேதுரு பவுல் திருநாளன்று. திருநாள் கழிந்த மறுநாள் காலையில் அவனைக் கூட்டிப்போவதாக மாமா சொன்னார். இரண்டு சீட்டையும் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டார்.